ரசமட்டம் வாங்கினால் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

ஊமச்சிகுளம் பக்கம் ஒரு வீட்டில் சமையல் மேடைக்குக் கிரானைட் போட்டுக் கொடுத்து இரண்டு வாரம் இருக்கும். வீட்டுக்கார அம்மா போன் செய்தார். "தம்பி, தோசைக்கல்லுல எண்ணெய் விட்டா ஒரே பக்கமா ஒதுங்குது. அடுப்பு கோணலா, உங்க மேடை கோணலா, வந்து பாருங்க."

அடுப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே போனேன். மேடை மேல் என் நாலடி ரசமட்டத்தை, அதாவது குழாய்க்குள் ஓடும் குமிழை வைத்து மட்டம் பார்க்கும் சட்டத்தை, வைத்தால் குமிழ் நட்ட நடுவில் நின்றது. "பாருங்கம்மா" என்று பெருமையாகக் காட்டினேன். கூட வந்த பையன் அதை எடுத்து, மேடையின் அடுத்த கோடியில் தலைமாற்றி வைத்தான். குமிழ் கோட்டைத் தாண்டிப் போய் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. எனக்கு வியர்த்துவிட்டது. டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பிடித்துப் பார்த்தோம். 11 அடி மேடையில் ஐந்து நூல் இறக்கம் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). அடுப்பு மேல் குற்றமே இல்லை.

நடந்தது இதுதான். மேடை போடுவதற்கு முந்தின வாரம் அந்த ரசமட்டம் சாரத்திலிருந்து கான்கிரீட் தரையில் விழுந்திருந்தது. எடுத்துத் துடைத்தேன், கண்ணாடி உடையவில்லை, கட்டை வளையவில்லை, அப்புறம் மறந்தே போனேன். மேடையைத் திரும்பவும் என் சொந்தக் காசில் பெயர்த்துப் போட்டேன். இந்த வேலைக்கு வந்து அப்போதே பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. ரசமட்டத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் கற்றேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கீழே விழுந்தால் உள்ளே என்ன ஆகிறது? ரசம் என்ற பெயரைக் கேட்டுப் பாதரசம் என்று நினைப்பவர்கள் உண்டு. உள்ளே இருப்பது சாயம் கலந்த ஸ்பிரிட். அது இருக்கும் குழாயின் உட்பக்கம் நேராக இருக்காது, பீப்பாய் மாதிரி நடுவில் துளி மேடாக வளைந்திருக்கும். அதனால்தான் குமிழ் நடுவுக்கு வந்து நிற்கிறது. இந்தக் குழாய் லேசில் கெடாது. கெடுவது குழாய் உட்கார்ந்திருக்கும் இடம். கட்டைக்கும் குழாய்க்கும் உள்ள பிடிப்பு மயிரிழை நகர்ந்தால் போதும், ரசமட்டம் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். பார்வைக்கு ஒன்றுமே தெரியாது.

ஆகவே கடையில் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பிடிப்பை. சில மலிவு வகைகளில் குழாய் இரண்டு சிறு திருகாணியில் நிற்கும். "கெட்டுப்போனா நீங்களே சரிபண்ணிக்கலாம் சார்" என்று கடைக்காரர் அதையே சிறப்பாகச் சொல்வார். சரிபண்ண முடிந்த திருகாணி தானாகவும் தளரும். தினமும் வண்டியில் குலுங்கிப் போகிற சாமானுக்கு அது வேண்டாம். கெட்டியான அக்ரிலிக் கட்டிக்குள் குழாய் அமைந்து, அந்தக் கட்டி சட்டத்தோடு பசை ஊற்றி இறுக்கப்பட்டிருப்பதை எடுங்கள். விரல் நகத்தால் அந்தக் கட்டியை நெம்பிப் பாருங்கள். அசைவு இருந்தால் அங்கேயே வைத்துவிடலாம்.

அடுத்தது கணக்கு. நல்ல ரசமட்டத்தின் மேல், எவ்வளவு பிழை வரலாம் என்பதை மீட்டருக்கு 0.5 மில்லிமீட்டர் அல்லது 1 மில்லிமீட்டர் என்று அச்சிட்டிருக்கும். நம் பாஷையில் சொன்னால் 1 மில்லிமீட்டர் என்பது பத்தடிக்கு ஒரு நூல், 0.5 என்பது பத்தடிக்கு அரை நூல். செங்கல் கட்டுக்கு ஒரு நூல் ஓடிப் போகும், பூச்சில் சரிசெய்துவிடலாம். டைல்ஸ், கிரானைட், நிலை, ஜன்னல் என்று வந்தால் 0.5-க்கு மேல் பிழை உள்ளது வேண்டாம். ஸ்டபிலா மாதிரி ஜெர்மன் சரக்கில் 0.5 என்று இருக்கும். ஸ்டான்லி, ஃப்ரீமேன்ஸ், தபாரியா என்று நம் கடைகளில் தொங்குபவற்றில் மாடலுக்கு மாடல் மாறும், பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல் அந்த எண்ணைத் தேடிப் படியுங்கள். எண்ணே போடாத ரசமட்டத்தை நான் கையில் எடுப்பதில்லை.

எண் இருந்தாலும் நம்பிவிடக் கூடாது. லாரியில் வரும்போது அந்த ஒரு உருப்படி மட்டும் எப்படி விழுந்ததோ யாருக்குத் தெரியும்? நான் கடையில் செய்யும் சோதனைக்கு ஒரு கண்ணாடி கவுண்டர், நாலு துண்டுக் காகிதம், இரண்டு ஏடிஎம் கார்டு போதும்.

நாலடி ரசமட்டத்தைக் கவுண்டர் மேல் வையுங்கள். கவுண்டர் மட்டமாக இருக்காது, பரவாயில்லை. ஒரு முனைக்கு அடியில் காகிதத்தை மடித்து மடித்துக் கொடுத்துக் குமிழை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். முனைகள் எங்கே இருக்கின்றன என்று பென்சிலால் புள்ளி வையுங்கள். இப்போது காகிதத்தை அசைக்காமல் ரசமட்டத்தை மட்டும் தூக்கி, இடது முனை வலது பக்கம் வரும்படி திருப்பி, அதே புள்ளிகளில் வையுங்கள். கொஞ்சம் பொறுங்கள், குமிழ் ஆடி நிற்கட்டும். நடுவில் நின்றால் நல்ல சரக்கு. ஒதுங்கினால், குமிழ் போன பக்கம் உயரம் என்று அர்த்தம். எதிர்ப்பக்க முனைக்கு அடியில் ஒரு ஏடிஎம் கார்டைச் செருகுங்கள். கார்டின் கனம் 0.76 மில்லிமீட்டர். திருப்பி வைக்கும்போது பிழை இரட்டிப்பாகத் தெரியும் என்பதால், நிஜப் பிழை அதில் பாதி. ஒரு கார்டில் குமிழ் நடுவுக்கு வந்துவிட்டால் மீட்டருக்குச் சுமார் 0.3 தான் பிழை, தாராளமாக வாங்கலாம். இரண்டு கார்டு கேட்டால் 0.6-ஐத் தாண்டிவிட்டது, திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததை இறக்கச் சொல்லுங்கள். நான் போன தடவை நாலு இறக்கி மூன்றாவதை எடுத்தேன். கடைப் பையன் முறைத்தான்.

அதே கார்டை வைத்து இன்னொன்றும் தெரிந்துகொள்ளலாம். நடுவில் நிற்கும் குமிழ், ஒரு கார்டு செருகியதும் கண்ணுக்குத் தெரிய நகர வேண்டும். அசையாமல் சோம்பி நிற்கிற ரசமட்டம் எந்த மேடையில் வைத்தாலும் 'சரி, சரி' என்றுதான் சொல்லும்.

தூக்கு, அதாவது செங்குத்து, பார்க்கும் குழாய்க்குத் தனிச் சோதனை. இதைப் பாதிப் பேர் செய்வதே இல்லை. கடையில் சட்டம் இல்லாத கண்ணாடிக் கதவு இருந்தால் வேலை சுலபம். கதவைச் சாத்திவிட்டு, வெளிப்பக்கம் ரசமட்டத்தின் அடிவிளிம்பைச் செங்குத்தாகக் கண்ணாடியில் பொருத்திப் பாருங்கள். பிறகு உள்ளே வந்து, அதே விளிம்பை, அதே முனை மேலே இருக்க, அதே இடத்தில் பொருத்துங்கள். கதவு சாய்ந்திருந்தால் குமிழ் ஒதுங்கத்தான் செய்யும். ஆனால் இரண்டு தடவையும் ஒரே திசையில், தெருப் பக்கம் என்றால் தெருப் பக்கமே, ஒரே அளவு ஒதுங்க வேண்டும். சைட்டில் இதையே சுவரில் கோடு போட்டுச் செய்யலாம். ரசமட்டத்தைச் செங்குத்தாகப் பிடித்துச் சுவரில் தட்டையாக ஒட்டி, குமிழை நடுவில் நிறுத்தி, விளிம்போடு கோடு கிழியுங்கள். பிறகு புத்தகப் பக்கத்தைப் புரட்டுவதுபோல் ரசமட்டத்தைக் கோட்டின் மறுபக்கம் புரட்டி, அதே விளிம்பைக் கோட்டில் சேருங்கள். குமிழ் நடுவில்தான் நிற்க வேண்டும். சந்தேகம் வந்தால் தூக்குகுண்டு இருக்கவே இருக்கிறது, அது பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

விளிம்பு நேராக இருக்கிறதா என்று பார்க்க, இரண்டு ரசமட்டங்களை அடியோடு அடி சேர்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். இடையில் ஒளிக்கீற்று தெரிந்தால் இரண்டில் ஒன்று வளைந்திருக்கிறது. எது என்று கண்டுபிடிக்க மூன்றாவதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சட்டத்தில் இரண்டு தினுசு. ஐ எழுத்து மாதிரி குறுக்குவெட்டு உள்ளது லேசாக இருக்கும், விலையும் குறைவு. பெட்டி மாதிரி நாலு பக்கமும் மூடியது கனம், ஆனால் முறுக்காது, கலவை ஒட்டினாலும் ஒரே துடைப்பில் போகும். தினமும் வேலை செய்கிறவருக்குப் பெட்டிதான். முனையில் ரப்பர் மூடி இருக்கட்டும், விழும்போது முதல் அடியை அது வாங்கிக்கொள்ளும். காந்தம் வைத்தது கேட், கிரில் வேலை செய்கிறவர்களுக்கு நல்லது. கொத்தனாருக்கு வேண்டாம். கட்டுக்கம்பித் துணுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு, அதற்கு மேல் ரசமட்டம் ஏறி உட்கார்ந்திருக்கும், நாம் சுவரைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

நீளம் வேலையைப் பொறுத்தது. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நாலடி. டைல்ஸ் போடுகிறவருக்கு இரண்டடியும் வேண்டும். ஏழடி நிலையை ஒரு அடி ரசமட்டத்தில் தூக்கு பார்ப்பதை இன்னும் பார்க்கிறேன். மரத்தில் ஒரு மேடு பள்ளம் இருந்தால் குட்டி ரசமட்டம் அதைத்தான் சொல்லும், நிலையைச் சொல்லாது. ஆறடி வாங்கலாம், அல்லது நேரான மட்டப்பலகையைச் சேர்த்துப் பிடிக்கலாம். அறைக்கு அறை மட்டம் கொண்டுபோக ரசமட்டமே வேண்டாம், தண்ணீர் டியூப்தான். உள்ளே காற்று நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும். இப்போது பையன்கள் பச்சை லேசர் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அறைக்குள் வேலை ஓடும், மொட்டை மாடியில் பத்து மணி வெயிலில் கோடு எங்கே என்று தேட வேண்டும்.

நீளமாக மட்டம் கொண்டுபோகும்போது, ஒவ்வொரு தடவை நகர்த்தும்போதும் ரசமட்டத்தைத் தலைமாற்றி வையுங்கள். ஒரு தடவை ஏறிய பிழை அடுத்த தடவை இறங்கிவிடும். அன்றைக்கு நான் 11 அடியையும் ஒரே திசையில் வைத்துக்கொண்டே போனதால்தான் பிழை சேர்ந்து சேர்ந்து ஐந்து நூல் ஆனது.

சித்திரை வெயிலில் குமிழ் சிறுத்துத் தெரியும். திரவம் விரிந்து காற்றுக்கு இடம் குறைகிறது, அவ்வளவுதான். குமிழ் கோட்டைத் தொடுகிறதா என்று பார்க்காமல், இரண்டு பக்கமும் இடைவெளி சமமா என்று பாருங்கள். வெயிலில் கிடந்த ரசமட்டத்தை எடுத்ததும் வேலை செய்யாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் சூடேறிய அலுமினியம் வில்லாக வளையும். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

பாடுபட்டு வாங்கியதைக் கெடுப்பது பெரும்பாலும் நாம்தான். பூச்சு வேலையில் மட்டப்பலகை கைக்கு எட்டாதபோது ரசமட்டத்தாலேயே கலவையை இழுப்பார்கள். மணல் விளிம்பை அரம் போல அறுத்துவிடும். டைல்ஸ் அமுங்கவில்லை என்று ரசமட்டத்தின் மேலேயே சுத்தியலால் தட்டுவார்கள். காய்ந்த சிமெண்டைக் கரண்டி முனையால் சுரண்டுவார்கள். ஈரத்திலேயே துணியால் துடைத்தால் இதற்கு வேலையே இல்லை, ஈரச் சிமெண்ட் அலுமினியத்தை அரிக்கவும் செய்யும். டைல்ஸ் கழுவும் ஆசிட் பட்டால் இன்னும் மோசம். சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், யாராவது தட்டிவிடுவார்கள். ஆணியில் தொங்கவிடுங்கள்.

எங்கள் சைட்டில் எது விழுந்தாலும் விழுந்த உடனே சொல்ல வேண்டும், சொன்னவனைத் திட்டக் கூடாது என்று வைத்திருக்கிறேன். திட்டினால் மறைப்பார்கள். நான் மறந்ததற்கும் அவர்கள் மறைப்பதற்கும் பலன் ஒன்றுதான். திங்கட்கிழமை வேலை ஆரம்பிக்கும் முன் எல்லா ரசமட்டத்தையும் சுவர்க்கோட்டில் ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிடுகிறோம்.

சமையல் மேடையைக் கெடுத்த அந்த நாலடிச் சட்டம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. விளிம்பு நேராகத்தான் இருந்தது, தூக்கிப் போட மனசு வரவில்லை. உளியால் மூன்று குழாயையும் தட்டி எடுத்துவிட்டு, மட்டப்பலகையாக வைத்திருக்கிறேன்.