வேப்பமரத்தடி வெற்று மண்ணுக்கு மருள்

மதுரை வீடுகளின் கொல்லையில் நிற்கும் வேம்பு, புங்கை மரங்களின் அடியில் புல் வளர்க்க முயல்வது பெரும்பாலும் வீண்செலவாகவே முடிகிறது. ஆண்டு மழையில் கணிசமான பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்து தீர்ந்துவிட, சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும் இவ்வூரில், மரத்தடி நிழல் வறண்ட நிழலாகும். ஊற்றும் நீரையும் மரத்தின் வேர்களே முதலில் குடித்துவிடுகின்றன. அத்தகைய இடத்தை ஆண்டு முழுவதும் பசுமையாக மூடிவைக்க மருள் என்னும் செடியே ஏற்றது என்பது என் கருத்து.

தமிழகத்துப் புதர்க்காடுகளில் முட்செடிகளின் அடியில் தானாக வளரும் இச்செடியின் இலைகள், கரும்பச்சைக் குறுக்குப் பட்டைகளுடன் வாள்போல் நிமிர்ந்து நிற்கும். முற்காலத்தில் இதன் நாரிலிருந்து வில்நாண் திரித்தனர். பகலில் இலைத்துளைகளை மூடி இரவில் திறந்து மூச்சுவிடுவதாலும், தடித்த இலையிலும் மண்ணுக்குள் படரும் கிழங்கிலும் நீரைச் சேர்த்துவைப்பதாலும், வாரக்கணக்கில் தண்ணீர் இல்லாமலும் இது தாங்கும். நர்சரிகளில் ஸ்னேக் பிளான்ட் என்று விற்கப்படுவது இதன் ஆப்பிரிக்க உறவுச்செடி. அதையும் இதே முறையில் வளர்க்கலாம், ஆனால் மஞ்சள் ஓரமுள்ள வகையை இலைத்துண்டிலிருந்து பெருக்கினால் புதுக்கன்றில் அந்த மஞ்சள் ஓரம் வராது.

நடுவதற்கு ஆவணி, புரட்டாசி மாதங்கள் ஏற்றவை. அடைமழைக்கு முன்பே வேர் பிடித்துவிடும். பழைய தூரைத் தோண்டியெடுத்து, ஒவ்வொரு துண்டிலும் ஓர் இலைக்கொத்தும் சிறிது வேரும் இருக்குமாறு கிழங்கை வெட்டி, வெட்டுவாய் காயும்வரை இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டுவைக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் கிழங்கு அழுகும். மரத்தடியைக் கடப்பாரையால் ஆழக் கிளறி மரத்தின் வேர்களை அறுக்காமல், வேர்களுக்கு இடையே கையளவு குழி பறித்து, செம்மண்ணும் மணலும் சிறிது மக்கிய சாண எருவும் கலந்து நிரப்பி, கிழங்கு இரண்டு விரற்கடை ஆழத்தில் இருக்குமாறு முக்கால் அடி இடைவெளியில் நடுக. அடிமரத்தை ஒட்டி மண்ணை ஏற்றிவிடக் கூடாது. திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண் நீரைத் தேக்கிவைக்கும் என்பதால், அங்கே மேட்டுப்பாத்தி அமைத்தே நட வேண்டும்.

நட்ட பின் ஒருமுறை நனைத்தால் போதும். அதன்பின் மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர் விட வேண்டும். முதல் கோடையில் மட்டும், சித்திரைத் திருவிழாக் காலத்தையொட்டிப் பத்து நாளுக்கு ஒருமுறை நனைக்கலாம். அடியிலை மஞ்சளாகிக் குழைந்தால் நீர் மிகுந்துவிட்டது என்று பொருள். உதிரும் வேப்பிலையைப் பெருக்கித் தள்ளாமல் தூர்களுக்கிடையே விட்டுவிட்டால் அதுவே மூடாக்காகும். உரம் என்று தனியாக எதுவும் தேவைப்படாது.

மருள் மெதுவாகவே பரவும் என்பதால், தரை முழுவதும் மூட இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுக்க வேண்டும். அதுவரை இடைவெளியில் முளைக்கும் களையைக் கையால் பிடுங்குவதே நல்லது. நடைபாதையை நோக்கி நீளும் கிழங்கை மண்வெட்டியால் அறுத்தெடுத்தால் அடுத்த இடத்துக்கு நடவுக் கன்று கிடைத்துவிடும். இலையைத் தின்றால் வாந்தி வரக்கூடும் என்பதால், நாயோ பூனையோ கடித்து விளையாடும் வீடுகளில் இதைத் தவிர்க்கலாம். குழாயடி போல எப்போதும் ஈரமாக இருக்கும் நிழலுக்கு இது ஆகாது. அங்கே வல்லாரையோ மஞ்சள் கரிசாலையோ நட்டால் தரையும் மூடும், சமையலுக்குக் கீரையும் கிடைக்கும்.