தெருவில் திருட்டைக் குறைக்க அக்கம்பக்கம் சேர்ந்து என்ன செய்யலாம்? முதல் முறை தொடங்குகிறவர்களுக்கு

ஒரு தெருவில் திருட்டு நடந்துவிட்டால் மறுநாளே நாலு பேர் கூடிப் பேசுவார்கள். கேமரா எத்தனை வாங்கலாம், ராத்திரி ரோந்துக்கு யார் போவது என்பதில்தான் பேச்சு தொடங்கும். இரண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அவற்றுக்கு முன்னால் செய்ய வேண்டிய, பெரிதாகச் செலவில்லாத வேலைகள் இருக்கின்றன.

அதற்கு ஒரு சின்ன அடிப்படை தெரிந்தால் போதும். 1979-இல் லாரன்ஸ் கோஹன், மார்கஸ் ஃபெல்சன் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் சொன்னது இது: செய்யத் துணிந்த ஆள், கைக்கு எட்டும் பொருள், தடுக்க யாரும் இல்லாத சூழல் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் சேர்ந்தால்தான் குற்றம் நடக்கிறது. ஆளை மாற்றுவது நம்மால் அவ்வளவு சுலபத்தில் ஆகாது. மற்ற இரண்டும் தெருக்காரர்கள் கையில்தான் இருக்கின்றன.

படி 1: நடந்ததை ஒரு தாளில் எழுதுங்கள்

தெருவைக் கையாலேயே வரைந்துகொண்டு, கடந்த ஓராண்டில் நடந்ததையெல்லாம் குறியுங்கள். எந்த இடம், என்ன கிழமை, பகலா இரவா, எந்த வழியாக உள்ளே வந்தார்கள் என்பது வேண்டும். போலீசில் புகார் கொடுக்காமல் விட்டவற்றையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். என்ன நகை போனது, எவ்வளவு பணம் போனது என்பதெல்லாம் அந்தத் தாளில் வேண்டாம். அது யார் கைக்கும் போகலாம்.

எல்லோரும் ராத்திரியை நினைத்தே பயப்படுவார்கள். எழுதிப் பார்த்தால் பாதிக்கு மேல் வேலை நாட்களில், வீட்டில் ஆளில்லாத முற்பகலில் நடந்திருப்பது தெரியவரலாம். அப்படியானால் இரவு ரோந்து வெறும் தூக்கக்கேடு.

படி 2: ஏற்கெனவே திருட்டு நடந்த வீட்டிலிருந்து தொடங்குங்கள்

இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். "அந்த வீட்டில்தான் எடுத்தாகிவிட்டதே, இனி எதற்கு வருவான்" என்று நினைப்பது இயல்பு. உண்மை நேர்மாறானது. வந்தவனுக்கு அந்த வீட்டின் வழி தெரியும், பூட்டு எப்படிப்பட்டது என்று தெரியும், போன பொருளுக்குப் பதிலாகப் புதிது வாங்கி வைப்பார்கள் என்பதும் தெரியும்.

இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்தின் கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் 1980-களின் நடுவில் இதைக் கவனித்தார்கள். ஒருமுறை திருட்டு நடந்த வீட்டில் மறுபடி நடக்கும் வாய்ப்பு மற்ற வீடுகளைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. அதனால் குடியிருப்பு முழுவதையும் காக்கப் பார்க்காமல், பாதிக்கப்பட்ட வீட்டையும் அதைச் சுற்றியிருந்த ஐந்தாறு வீடுகளையும் மட்டும் ஒரு சிறு வளையமாக்கினார்கள். அந்த ஐந்தாறு வீட்டுக்காரர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கூடவே அந்த வீட்டின் பூட்டு, கதவுகளைப் பலப்படுத்தினார்கள். காசு போட்டால் ஓடும் மின்சார, எரிவாயு மீட்டர்கள் வீட்டுக்குள்ளேயே உண்டியல்போல இருந்ததால் அவற்றை அகற்றும் வேலையும் நடந்தது. மூன்று ஆண்டுகளில் வீடு புகுந்து திருடுவது ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குறைந்தது.

நீங்களும் அப்படியே செய்யலாம். திருட்டு நடந்த வாரத்திலேயே அந்த வீட்டுக்காரரோடு சேர்ந்து வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். உடைந்த தாழ்ப்பாள், ஆடும் ஜன்னல் கம்பி, மாடிக்கு ஏற வசதியாகச் சாய்த்து வைத்த ஏணி எதுவாக இருந்தாலும் அன்றே சரிசெய்யுங்கள். அடுத்த சில வாரங்களுக்கு அந்த ஐந்தாறு வீடுகள் மட்டும் உஷாராக இருந்தால் போதும். இருநூறு வீடுகளை ஒரே நாளில் திரட்ட முயல்கிற குழுக்கள் பெரும்பாலும் இரண்டாவது கூட்டத்தோடு கலைந்துவிடும்.

படி 3: பெயர் தெரிந்துகொள்ளுங்கள், யார் போன் செய்வது என்று முடிவு செய்யுங்கள்

இரண்டு பக்கத்து வீடு, எதிர் வீடு, பின் வீடு ஆகியவற்றில் இருப்பவர்களின் பெயரும் எண்ணும் உங்களிடம் இருக்கட்டும். வாடகைக்கு வந்தவர்களை விட்டுவிடாதீர்கள். பகலில் வீட்டில் இருக்கும் பெரியவர்கள்தான் இந்த வேலைக்குப் பெரிய பலம்.

எண் இருந்தும் யாரும் போன் செய்யாமல் போவதுதான் அடுத்த சிக்கல். ஜான் டார்லி, பிப் லட்டானே இருவரும் 1968-இல் வெளியிட்ட சோதனையில், ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோன்ற குரலை மாணவர்கள் கேட்டார்கள். தான் மட்டுமே கேட்பதாக நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அந்த ஆள் பேசி முடிப்பதற்குள் உதவி தேடிப் போனார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். எல்லோருக்கும் பொதுவான வேலையை யாரும் செய்வதில்லை என்று நமக்கும் தெரியும். அதனால் "யாராவது சொல்லுங்கள்" என்று விடாமல், பார்த்தவரே உடனே கூப்பிட வேண்டும் என்று விதி வையுங்கள். வேறு யாராவது கூப்பிட்டிருப்பார்களோ என்று யோசிக்கத் தேவையில்லை. ஒரே விஷயத்துக்கு இரண்டு அழைப்பு போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

படி 4: வாட்ஸ்அப் குழுவுக்குக் கடுமையான விதி

குழு இல்லாமல் முடியாது, சரி. ஆனால் நல்லதைவிடக் கெட்டதை அது வேகமாகச் செய்யும். 2018-இல் குழந்தை கடத்தல் வதந்தி வாட்ஸ்அப்பில் பரவி, இந்தியாவில் பல இடங்களில் ஒரு பாவமும் அறியாதவர்களைக் கூட்டம் அடித்தே கொன்றது. அதற்குப் பிறகுதான் அந்த நிறுவனம் வந்த செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் தள்ளிவிட முடியாதபடி முதலில் இந்தியாவிலும், 2019-இல் உலகம் முழுவதும் கட்டுப்படுத்தியது.

உங்கள் குழுவில், வேறெங்கிருந்தோ வந்த செய்தியை அப்படியே தள்ளிவிடுவதற்குத் தடை. கண்ணால் பார்த்ததை மட்டும், நேரம் இடத்தோடு எழுதலாம். "சந்தேகமான ஆள்" என்று எழுதக் கூடாது, அவர் என்ன செய்தார் என்று எழுத வேண்டும். "பூட்டிய கேட்டை இரண்டு முறை தள்ளிப் பார்த்தார்" என்பது தகவல். "நம்ம ஏரியா ஆள் மாதிரி தெரியல" என்பது தகவலே இல்லை, அதில் இருப்பது வெறுப்பு மட்டும்தான். முன்பின் தெரியாதவர் படத்தைப் போடுவதும் வேண்டாம். ஊருக்குப் போகிறோம், வீடு பூட்டியிருக்கும் என்று குழுவில் அறிவிக்காமல், பக்கத்து வீட்டில் மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். குட் மார்னிங் படங்களுக்கும் இடமில்லை. அது நிரம்பினால் அவசரச் செய்தியை யாரும் பார்க்க மாட்டார்கள்.

படி 5: இடத்தைச் சரிசெய்யுங்கள்

எரியாத விளக்குகளின் கம்ப எண்களைக் குறித்து, உரிய அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். வாசலை மறைக்கும் புதரை வெட்டுங்கள். காலி மனை ஏதாவது குப்பைமேடாகக் கிடந்தால் உரிமையாளரைப் பிடித்துச் சுத்தம் செய்ய வையுங்கள். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் காலி மனைகளைச் சுத்தப்படுத்திப் புல் வளர்த்துப் பார்த்த ஆய்வு 2018-இல் வெளியானது. ஏழ்மையான பகுதிகளில், அந்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்திருந்தது. கேமராவும் வாங்கலாம், தவறில்லை. அதை யார் பார்ப்பது, பழுதானால் யார் பொறுப்பு என்று முடிவான பிறகு வாங்குங்கள்.

படி 6: எல்லை எதுவென்று முன்கூட்டியே பேசுங்கள்

உங்கள் வேலை பார்ப்பதும் சொல்வதும். விரட்டுவது, பிடித்துவைத்து விசாரிப்பது, தடியோடு நிற்பது எதுவும் உங்கள் வேலை இல்லை. 2012-இல் அமெரிக்காவின் சான்ஃபோர்டில் தெருக்காவல் தன்னார்வலர் ஒருவர், ட்ரேவான் மார்ட்டின் என்ற 17 வயதுப் பையனைச் சந்தேகப்பட்டுப் பின்தொடர்ந்தார். பின்தொடர வேண்டியதில்லை என்று காவல்துறைத் தொலைபேசியில் பேசியவர் அவரிடம் சொன்னார். அந்த இரவு, ஆயுதம் எதுவும் இல்லாத அந்தப் பையன் சுட்டுக் கொல்லப்பட்டான். முதல் கூட்டத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள். உங்கள் பகுதிக் காவலர் ஒருவரையும் அன்றைக்கே அழைத்து, எதற்கு எந்த எண்ணைக் கூப்பிடுவது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பூட்டிய கதவுக்குள் நடக்கும் அடிதடியும் குற்றம்தான். "குடும்ப விஷயம்" என்று ஒதுங்காமல், சத்தம் கேட்டால் காவல்துறைக்குச் சொல்லுங்கள். அடிபட்டவரிடம் பிறகு தனியாக இருக்கும்போது, என்ன உதவி வேண்டும் என்று கேளுங்கள். இதை மட்டும் குழுவில் எழுதிவிடாதீர்கள். அடித்தவரும் அதே குழுவில் இருக்கலாம்.

மூன்று மாதம் கழித்து முதல் படியில் வரைந்த தாளை எடுத்துப் புதிதாக நடந்ததைக் குறியுங்கள். இடம் மாறியிருந்தால் வளையத்தையும் அங்கே மாற்றுங்கள். புதிதாகக் குறிக்க ஒன்றுமே இல்லையென்றால் கூட்டங்களைக் குறைத்துவிடலாம், எண்கள் மட்டும் கையில் இருக்கட்டும்.