அணுகுண்டு வெடிச்ச தீவுல மறுபடி குடியேறலாமா, எப்படி கணக்கு போடறது

பசிபிக் கடல்ல மார்ஷல் தீவுகள்ல அமெரிக்கா அணுகுண்டு வெடிச்சுப் பார்த்த பிகினி மாதிரி ஒரு பவளத்தீவுக்கு ஜனங்க திரும்பலாமானு பார்க்கணும்னா எல்லாரும் முதல்ல காமா மீட்டரோட (கதிர்வீச்சு அளக்கற கருவி) இறங்கி தரையைத்தான் அளப்பாங்க, அளக்க வேண்டியதுதான், ஆனா அதோட விட்டா மாட்டிக்குவீங்க. 1968ல அமெரிக்க அதிபர் ஜான்சன் பிகினிக்கு போகலாம்னாரு, கொஞ்சம் குடும்பங்க போய் வீடு போட்டு உக்காந்தாங்க, 1978ல உடம்புல சீசியம்-137 (குண்டு வெடிச்சதுல வந்த கதிரியக்கப் பொருள்) எகிறிடுச்சுனு திரும்ப கிளப்பிட்டாங்க. முக்கியமா ஏறினது தேங்காய், இளநீர் வழியாத்தான்.

எல்லாம் மண்ணு பண்ற வேலை. அங்க இருக்கறது சுண்ணாம்பு மண்ணு, பொட்டாசியம் ரொம்ப கம்மி, சீசியத்தை பிடிச்சு வைக்க களிமண்ணும் கிடையாது, பொட்டாசியத்துக்கு அலையுற மரம் அதே குணம் உள்ள சீசியத்தை உறிஞ்சிக்கும்.

அதனால முதல்ல சாப்பாட்டு கணக்கு எடுங்க. வீடு வீடா உக்காந்து கேளுங்க, தேங்காய் எத்தனை, ஈரப்பலா எவ்ளோ, தென்னை நண்டு பிடிப்பாங்களா, முக்கியமா அரிசி ஏத்திட்டு வர்ற கப்பல் லேட்டானா என்ன சாப்பிடுவாங்கன்னு, ஏன்னா அந்த மாசத்துலதான் உள்ளூர் சாப்பாடு டபுள் ஆகும். மீனைப் பத்தி பெருசா கவலை வேணாம், கடல் தண்ணில பொட்டாசியம் நிறைய இருக்கறதால சீசியம் அதிகம் ஏறாது.

அப்புறம் சாம்பிள் எடுத்து லேப்ல பாருங்க. ஒரு கிலோ தேங்காய்ல 1000 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கற அலகு) சீசியம்னு வெச்சுக்குங்க, தினம் 200 கிராம் சாப்பிட்டா வருஷத்துக்கு 73,000 பெக்கரல், பெரியவங்களுக்கு அது சுமார் 0.95 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்குற கதிர்வீச்சோட அளவு). குண்டு சாம்பல் விழுந்த இன்னொரு மார்ஷல் தீவான ராங்கெலாப்புக்கு ஒத்துக்கிட்ட லிமிட்டே வருஷத்துக்கு 1 மில்லிசீவர்ட்தான், தேங்காய் ஒண்ணே அதை முடிச்சிடும்! மார்ஷல் தீவு அணு இழப்பீட்டு தீர்ப்பாயம் எடுத்தது இன்னும் கறார், 0.15 மில்லிசீவர்ட். எந்த லிமிட்னு தீவுக்காரங்களோட முன்னாடியே பேசி முடிங்க, ரிசல்ட் வந்தப்புறம் லிமிட்டை மாத்துனா எவனும் நம்ப மாட்டான், நம்பவும் கூடாது.

இதுக்கு மேல வீடு, முற்றம், தோப்பு மூணுலயும் மீட்டர் வெச்சு, எங்க எத்தனை மணி நேரம் இருப்பாங்கன்னு பார்த்து, அந்த அளவையும் சாப்பாட்டு கணக்கோட கூட்டுங்க. பழைய ரிப்போர்ட் நம்பரை அப்படியே போடாதீங்க, சீசியம் 30 வருஷத்துல பாதியாகும், மழைலயும் கொஞ்சம் கரைஞ்சு இறங்கும். குண்டுல இருந்து வந்த இன்னொரு கதிரியக்கப் பொருளான புளூட்டோனியம் செடில அவ்வளவா ஏறாது, தூசியா மூச்சுல போகும், மண்ணு வெட்டுறவங்களுக்கு யூரின் டெஸ்ட் வைங்க.

லிமிட் தாண்டுதா? தீவு முழுக்க மண்ணை சுரண்ட கிளம்பாதீங்க, இருக்கற கொஞ்சநஞ்ச நல்ல மண்ணும் மரமும் போயிடும். வீட்டை சுத்தி மட்டும் சுரண்டிட்டு பவளக்கல் ஜல்லி போடுங்க, தோப்புக்கு பொட்டாஷ் உரம் (ஆமா, நாம தென்னைக்கு வைக்கற அதே பொட்டாஷ்). அமெரிக்காவோட லிவர்மோர் ஆராய்ச்சி லேப் பிகினியில போட்டுப் பார்த்ததுல தேங்காய்ல சீசியம் பத்துல ஒரு பங்கு அளவுக்கு இறங்குச்சு. திரும்ப திரும்ப போடணும், அந்த செலவை யாரு ஏத்துக்கறாங்கன்னு எழுத்துல வாங்குங்க.

ஜனங்க போனப்புறம் ஹோல் பாடி கவுண்டர் (உடம்புக்குள்ள எவ்ளோ சீசியம் இருக்குன்னு அளக்கற மெஷின்) தீவுலயே இருக்கணும், குண்டு வெடிச்ச இன்னொரு மார்ஷல் தீவான எனிவெடாக்ல அப்படித்தான் வெச்சாங்க, ஒவ்வொருத்தர் ரீடிங்கையும் அவங்கவங்க கையிலயே கொடுத்துடுங்க.