சீலாவை ஒரே இடத்தில் எழுதுங்கள்: விளையாட்டுக்கு எக்ஸ்எம்எல்

பாம்பன் மீன்பிடியை வைத்து ஒரு சின்ன விளையாட்டு செய்கிறேன். அதன் தகவல்களை எக்ஸ்எம்எல்லில், அதாவது டேக் எனும் குறிகளுக்குள் தகவலை எழுதும் கோப்பு வடிவத்தில், வைக்கிறேன். முதலில் வடகடல் (பாக் விரிகுடா), தென்கடல் (மன்னார் வளைகுடா) இரண்டின் கீழும் சீலா, ஊளி, சூடை என்று எல்லா மீன்களின் விவரத்தையும் முழுசாக எழுதியிருந்தேன். சீலாவின் விலையை மாற்றினால் வடகடலில் மட்டும் மாறும். தென்கடலில் பழைய விலையே நிற்கும். அரை நாள் போனது.

இப்போது மீன்களுக்குத் தனிப் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஐடி (தனி அடையாளப் பெயர்), கடலுக்குள் அந்த ஐடி மட்டும். அதை எண்ணில் தொடங்க வேண்டாம். ஐடி வகை என்று டிடிடியில் (கோப்பின் அமைப்பு விதிகளை எழுதும் பகுதி) அறிவித்தால் '01' செல்லாது, 'மீன்01' செல்லும். பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமித்தால் சரி.

விலை, எடை போன்ற ஒற்றை மதிப்புக்கு ஆட்ரிப்யூட் (டேகுக்குள்ளேயே பெயரும் மதிப்புமாக எழுதுவது) போதும். ஒன்றுக்கு மேல் வரக்கூடியது என்றால் தனித்தனி டேக். வலை வகைகளைக் காற்புள்ளி போட்டு ஒரே ஆட்ரிப்யூட்டில் திணித்தால், அப்புறம் அதை வெட்டிப் பிரிக்க வேறு நிரல் எழுத வேண்டும்.

விசைப்படகுத் தடைக்காலத்துக்குத் தொடக்கம் '04-15', முடிவு '06-14' என (மாதம்-நாள்) இரண்டே மதிப்புகள். 61 நாள் என்பதை எழுதாதீர்கள், அதை விளையாட்டே கணக்குப் போட்டுக்கொள்ளும்.