வீட்டில் போட்டோ பிரிண்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆவணி பிறந்ததும் எனக்கு இந்த மாதிரி போன் வர ஆரம்பித்துவிடும். "ஏனுங்ணா, மூஞ்சியெல்லாம் செவச்செவன்னு வருதுங்ணா, பிரிண்டர் போயிருச்சுங்களா?" வைகாசி முகூர்த்தங்களில் நாலு காசு பார்த்ததும், லேபுக்கு எதுக்கு அழுவது, நாமே போட்டுக்கலாம் என்று இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கின போட்டோகிராபர் தம்பிகள்தான் பெரும்பாலும். பேப்பரைத் தலைகீழாக வைப்பது போன்ற சமாச்சாரங்களை நான் எழுதப்போவதில்லை. ஒரு தாள் வீணானால் அது தானாகப் புரிந்துவிடும்.

சுவர் சுவிட்சில் அணைப்பது

இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. படுக்கப் போகும்போது வீட்டில் இருக்கிற சுவிட்சையெல்லாம் தட்டிவிட்டுப் போவது நம் பக்கத்துப் பழக்கம், கரண்ட் பில் என்றால் நாம் கறார். டிவிக்கு அது சரி. பிரிண்டரில் இருக்கிற பவர் பட்டனை அமுக்கினால்தான் இங்க்கைத் தெளிக்கிற ஹெட் ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடி மேல் ஒழுங்காக உட்காரும். பிரிண்ட் போட்ட கையோடு சுவரில் அணைத்தால் ஹெட் திறந்தபடி நின்றுவிட வாய்ப்பு அதிகம். ஹெட்டில் இங்க் வருகிற நாசில் ஓட்டை தலைமுடியைவிடச் சின்னது, இங்க் காய்ந்தால் அடைத்துக்கொள்ளும்.

அதோடு ஆடி வந்துவிட்டால் முகூர்த்தம் கிடையாது, பிரிண்டருக்கும் வேலை கிடையாது, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு உடுமலை, பொள்ளாச்சி பக்கமெல்லாம் புழுதியை வாரிக்கொண்டு வரும்.

உடுமலைப் பக்கம் ஒரு தம்பியின் பிரிண்டரைத் திறந்து பார்த்தால் ஹெட் பாதி வழியில் நிற்கிறது. சயான் அடைத்திருந்தது, அந்த நீலம் இல்லாவிட்டால் முகமெல்லாம் சிவக்கத்தான் செய்யும். அதைக்கூட விட்டுவிடலாம். ஆனால் அவர் என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் விடாமல் ஹெட் கிளீனிங் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார், டேங்க் பாதி காலி. ஒவ்வொரு கிளீனிங்கும் நல்ல இங்க்கை உறிஞ்சி உள்ளே இருக்கிற வேஸ்ட் பேட் என்கிற பஞ்சில் விடுகிறது, பேட் நிறைந்தால் பிரிண்டரே நின்றுவிடும். லேபுக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்த காசெல்லாம் அந்தப் பஞ்சுக்குள் போய்விட்டது. எரிச்சல் வருமா வராதா?

முதலில் நாசில் செக், அதாவது எல்லா ஓட்டையிலும் இங்க் வருகிறதா என்று காட்டுகிற சோதனைக் கோடுகள், போடுங்கள். கோடு விட்டுப்போயிருந்தால் ஒன்றிரண்டு கிளீனிங், அதிலும் தேறாவிட்டால் பட்டனில் அணைத்து ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிட்டு, அப்புறம் மறுபடி பாருங்கள். நடுவில் கரண்ட் போய் வந்தால் ஒருமுறை ஆன் செய்து, ஹெட் ஓரத்துக்குப் போனதும் பட்டனில் அணையுங்கள். வாரம் ஒரு கலர் படமாவது போட வேண்டும். அதற்குக்கூட வேலை இல்லை என்றால் பிரிண்டரே வேண்டாம், லேபுக்குப் போங்கள். பெரிய லேப்களில் வருவது பெரும்பாலும் இங்க் பிரிண்ட் கிடையாது, வெள்ளி உப்பு பூசிய பேப்பரில் ஒளி பட்டு ரசாயனத்தில் கழுவி வருகிற பிரிண்ட். காய்கிற கவலை அவர்களுக்கு இல்லை.

பிளெயின் பேப்பர் செட்டிங்

270 ஜிஎஸ்எம் கனமுள்ள கிளாஸி தாளை வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் பிரிண்டர் டிரைவர் செட்டிங்கில் பிளெயின் பேப்பர் என்றே விட்டால், இங்க் அளவும் கலரும் அந்தத் தாளுக்குப் பொருந்தாது. பேப்பர் வகையை மாற்றுங்கள்.

லேசர் பிரிண்டரில் இங்க்ஜெட் போட்டோ பேப்பர்

வேண்டாம். பூச்சு சூட்டில் உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

முழு வெளிச்சத்தில் திரை

கம்ப்யூட்டர் திரையின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துப் படத்தைப் பாருங்கள். "பிரிண்ட் இருட்டா வருது" என்கிற புகாரில் பாதி இதுதான்.

லேபுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது

12க்கு 18 இன்ச் பிரேமுக்கு 300 டிபிஐ, அதாவது இன்ச்சுக்கு 300 பிக்சல், கணக்கில் 3600க்கு 5400 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருக்கித்தான் போகும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

மேக்ஸி வெட்டு

போன் படம் பெரும்பாலும் 4:3. மேக்ஸி சைஸ், அதாவது 4க்கு 6, வந்து 3:2. தாள் முழுக்க நிரப்பினால் படத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். கல்யாணத்தில் இணைச்சீர்ச் சடங்கு முடிந்து மேடையில் எடுத்த குரூப் போட்டோவில் பின்வரிசைப் பெரியப்பாவுக்குத் தலை போவது இப்படித்தான். நீங்களே வெட்டி, எது போகிறது என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். வெட்ட மனசில்லையா, வெள்ளை பார்டரோடு போடச் சொல்லுங்கள், போட்டுத் தருவார்கள்.