கடக்கரை சேத்த வச்சு பழைய கடல் மட்டத்த படிக்கிறது எப்படி

பர்மாவுல ரங்கூன், மோல்மேன் பக்கம் நம்ம பிள்ளைங்க ஐராவதி டெல்டாவ நோட்டுல வரைஞ்சு கலர் அடிக்கிறதோட விட்டுடுறாங்க, ஆனா கடல் எதுவரைக்கும் வந்து போச்சுங்கிறத காலுக்கு கீழ இருக்குற சேறே சொல்லும், அத பாக்க கத்துக்குடுக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

மொதல்ல எடம். மொட்டாமா வளைகுடாவோட திறந்த சேத்து வெளிக்கு தயவுசெஞ்சு போகாதீங்க. அமாவாசை பௌர்ணமிக்கு அங்க தண்ணி 6, 7 மீட்டர் ஏறி எறங்கும், சிட்டாங் ஆத்து வாய்க்குள்ள அலை அப்படியே எழும்பி வரும், சேத்துல கால் மாட்டுனா ஓட முடியாது. அலையாத்தி மரம் இருக்குற சின்ன ஓடைக்கரை போதும், தண்ணி வத்துற நேரம், அந்த ஊர் மீன்காரர் ஒருத்தர் கூட இருக்கணும். கரை சரியுற மாதிரி இருந்தா அடியில நிக்காதீங்க.

கரையோட முகத்த கத்தியால மேலேருந்து கீழ சீவி விடுங்க, வெளியில ஒட்டியிருக்குற புது சேறு போனாத்தான் உள்ள இருக்குற அடுக்கு தெரியும். பக்கத்துல டேப்ப தொங்கவிட்டு போட்டோ எடுத்துட்டு, ஒவ்வொரு அடுக்கும் எத்தன சென்டிமீட்டர்ல தொடங்குது முடியுதுன்னு எழுதுங்க. விரல்ல தேச்சு பாருங்க, வழுவழுன்னா களி, நறநறன்னா வண்டலோ மணலோ. நீலம் கலந்த சாம்பல் நிறம்னா காத்து படாம தண்ணிக்குள்ளயே கெடந்தது, பழுப்பு, துரு நிறம்னா வெளியில காஞ்சது. சிப்பி ரெண்டு ஓடும் மூடுன மேனிக்கு இருந்தா அங்கயே வாழ்ந்து செத்தது, ஒடஞ்சு கெடந்தா எங்கேருந்தோ அலை கொண்டு வந்தது.

எல்லாத்தவிட பெரிய சாட்சி அலையாத்தி வேரும் இலையும் மக்காம படிஞ்ச கருப்பு அடுக்கு. அந்த மரம் கடலோட நடுமட்டத்துக்கும் ஏத்தத்தோட உச்சிக்கும் நடுவுலதான் வளரும், அதனால அந்த அடுக்கு இருக்குற உயரத்துக்கு பக்கத்துலதான் அன்னிக்கு கடல் இருந்திருக்கு.

ஆனா ஒரு அடுக்க மட்டும் வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க, வரிசைதான் பேசும். கீழ வயக்காட்டு மண்ணு மாதிரி, அதுக்கு மேல அலையாத்தி, அதுக்கு மேல சிப்பி உள்ள கடல் சேறுன்னா கடல் உள்ள வந்திருக்கு. தலகீழா இருந்தா கடல் எறங்கிடுச்சுன்னு உடனே சொல்லிடக்கூடாது, நம்ம பக்கம் ஆறே கடல தள்ளிவிடும். கார்டன்னு ஒரு என்ஜினியர் 1870கள்ல ஐராவதிய அளந்த கணக்க 2007ல திரும்ப போட்டு பாத்தப்ப வருஷத்துக்கு சுமார் 36 கோடி டன் வண்டல்னு வந்துச்சு! தட்டோன் ஒரு காலத்துல துறைமுகம், இப்ப கடல் அங்கேருந்து 16 கிலோமீட்டருக்கு அந்தாண்ட, அது கடல் வத்துனதால இல்ல, வண்டல் நெரம்புனதால.

அப்புறம் புயல். 2008ல நர்கீஸ் வந்த மாதிரி ஒரு புயல் ஒரே ராத்திரியில சேத்து மேல மணல கொட்டிட்டு போகும். அடிக்கோடு வெட்டுன மாதிரி இருக்கும், கரையிலேருந்து உள்ள போகப்போக மெலிஞ்சுக்கிட்டே போகும், அத கடல்மட்டக் கணக்குல சேக்காதீங்க. நிலமும் எழும்பும், 1762ல அரக்கான் பூகம்பத்துல செடுபா தீவுக்கரை பல மீட்டர் மேல வந்துடுச்சு, அங்க போய் பழைய சிப்பிய உயரத்துல பாத்துட்டு கடல் அவ்வளவு மேல இருந்துச்சுன்னா தப்பு. களியும் மேல பாரம் ஏற ஏற அமுங்கும், அதனால அளந்த ஆழம் அப்படியே பழைய மட்டம் கிடையாது.

பழைய காலத்து மழைக் கணக்கும் வேணும்னா ஓடைக்கரை பத்தாது, ஆழ்கடல் சேறு வேணும். கடலடியில துளை போடுற ஜாய்டிஸ் ரெசல்யூஷன்ங்கிற ஆராய்ச்சிக் கப்பல் 2014-15ல அந்தமான் கடல்ல துளை போட்டு எடுத்தது அதுக்குத்தான். அதுல ஃபோராம்ங்கிற ஒத்த செல் கடல் உயிரோட மணல் அளவு ஓடுங்க கெடக்கும். பருவமழை பலமா பெஞ்சா ஐராவதி, சால்வின் நல்லதண்ணி கடல் மேல பரவும், மழைத்தண்ணியில கனமான ஆக்சிஜன் (ஆக்சிஜன் 18) கம்மி, அதனால அந்த தண்ணியில வளர்ற ஓட்டுலயும் கம்மியா இருக்கும், ஆனா கடல் சூடும் பனிக்கட்டி அளவும்கூட அத மாத்தும்ங்கிறதால அத தனியா கழிச்சுத்தான் மழைய சொல்லணும். சுமார் 20,000 வருஷத்துக்கு முன்ன தண்ணி பனிக்கட்டியா முடங்கி கடல் இப்பத்தவிட 120 மீட்டர் கீழ, அப்ப மொட்டாமா வளைகுடா வெறும் நிலம்.

அடுக்கோட வயசு கணிக்க கார்பன் 14, உயிர் செத்ததுக்கு அப்புறம் மெல்ல சிதையுற கதிரியக்கக் கார்பன், அதுல பாதி 5,730 வருஷத்துல கொறையும், 50,000 வருஷத்துக்கு மேல கேக்க முடியாது. லேபுக்கு குடுக்க இலை, சின்ன குச்சி, விதைய எடுங்க. கடல் சிப்பி நெஜ வயச விட சுமார் 400 வருஷம் கூட காட்டும், கழிக்கணும். வேர எடுக்காதீங்க, மேல நிக்கிற புது மரத்து வேர் பழைய அடுக்குக்குள்ள எறங்கியிருக்கும். எடுத்தத பாலித்தீன்ல ஈரத்தோட சுத்தி, எது மேல்பக்கம்னு அம்பு போட்டு, எடமும் ஆழமும் எழுதி ஃபிரிட்ஜ்ல வைங்க, ஃப்ரீஸர்ல வேணாம், ஐஸ் ஆனா அடுக்கு கலைஞ்சிடும்.