சாயும் எஸ்யூவியைச் சரிசெய்கிறேன் என்று செய்யும் தவறுகள்

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய எஸ்யூவியைச் சமதளத்தில் நிறுத்திவிட்டு, பின்னால் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். நம் ஊரில் அது பெரும்பாலும் வலது பக்கம். வருடக்கணக்கில் ஓட்டுநர் மட்டுமே உட்கார்ந்து ஓடிய வண்டிக்கு அப்படித்தான் ஆகும். இதை மெக்கானிக்கிடம் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "டார்ஷன் பாரை ரெண்டு சுத்து ஏத்திடலாம் சார்." டார்ஷன் பார் என்பது முன்பக்க எடையைத் தாங்கும் எஃகுத் தண்டு, அதன் போல்ட்டை முறுக்கினால் வண்டி உயரும். பத்து நிமிட வேலை, பம்பரும் நேராகிவிடும். ஆனால் கோளாறு பின்பக்கம் இருந்து, முன்பக்க போல்ட்டை முறுக்கி அதை மறைத்திருந்தால், அந்தப் பத்து நிமிடத்தின் செலவு சக்கரத்தைத் தாங்கும் மூட்டான பால் ஜாயிண்டிலும் டயரிலும் பின்னால் வந்து சேரும்.

முதல் தலைமுறை ஃபோர்டு எண்டெவரை வைத்தே இதைப் பார்க்கலாம். 2003இல் வந்த இந்த வண்டி சென்னைக்குப் பக்கத்தில் மறைமலைநகர் ஆலையில் உருவானது. இன்றைக்கும் நிறைய ஓடுகிறது. ஏணி போன்ற இரும்புச் சட்டம் (லேடர் சேஸிஸ்), முன்னால் டார்ஷன் பார், பின்னால் எஃகு இலைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங் பட்டை. 1998இல் வந்த டாடா சஃபாரிக்கும், திருவள்ளூரில் பூட்டப்பட்ட பஜேரோ எஸ்எஃப்எக்ஸுக்கும் முன்னால் இதே டார்ஷன் பார்தான், பின்னால் மட்டும் காயில் ஸ்பிரிங். அதனால் முன்பக்கத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் அவற்றுக்கும் பொருந்தும்.

முதல் தவறு, கண்ணை நம்புவது. நாலு டயரிலும் காற்றைச் சரிபார்த்து, சிமெண்டுத் தரையில் ஆளில்லாமல் நிறுத்தி, டேப்பால் அளக்க வேண்டும். தரையிலிருந்து ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேல் வளைந்திருக்கும் தகடு) வரை அளந்தால் டயர் தேய்மானமும் கணக்கில் சேர்ந்துவிடும். சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளப்பதே சரி. இடமும் வலமும் ஐந்து முதல் பத்து மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் விட்டுவிடுங்கள். பதினைந்தைத் தாண்டினால் காரணம் தேடலாம். வண்டியை ஜாக்கில் ஏற்றி இறக்கிய கையோடு மட்டும் அளக்காதீர்கள். டயர் தரையைப் பிடித்துக்கொண்டு சஸ்பென்ஷனை முழுதாக உட்கார விடாது. சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, பம்பரை நாலு தடவை அழுத்திவிட்டு அளந்தால்தான் அது அளவு.

அப்புறம், அடியில் குனிந்து சேஸிஸிலிருந்து தரைக்கும் இரு பக்கமும் அளந்துவிடுங்கள். இதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. பாடி தனி, சேஸிஸ் தனி என்று இருக்கும் வண்டிகளில் இரண்டுக்கும் நடுவே பாடி மவுண்ட் ரப்பர்கள் இருக்கும். அவை ஒரு பக்கம் நசுங்கினாலோ, மவுண்ட் உட்காரும் இடம் துருப்பிடித்து இறங்கினாலோ சேஸிஸ் நேராக இருக்கும், பாடி மட்டும் சாயும். கடற்கரை ஊர் வண்டியென்றால் இதை முதலிலேயே சந்தேகப்படலாம். எப்போதோ அடிபட்டு ஃபெண்டர் மாற்றிய வண்டியிலும் இந்த இரண்டாவது அளவுதான் உண்மையைச் சொல்லும். சேஸிஸ் நேராக இருக்கும் வண்டிக்கு ஸ்பிரிங் மாற்றுவது வீண் செலவு.

ஷாக் அப்சார்பர் மாற்றினால் சாய்வு போய்விடும் என்பது இன்னொரு நம்பிக்கை. போகாது. எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் ஆட்டத்தை அடக்குவதோடு சரி. கேஸ் ஷாக் சற்றே தள்ளும், ஆனால் சாய்வை நிமிர்த்தும் அளவுக்கு இல்லை. ஷாக்கில் எண்ணெய் கசிந்தால் மாற்றுங்கள், அது வேறு விஷயம்.

இனி முக்கியமான இடம். தாழ்ந்து தெரியும் மூலையில்தான் கோளாறு இருக்கும் என்று நினைப்பது. ஒரு கால் குட்டையான கட்டிலில் ஆட்டம் மற்ற கால்களிலும் தெரியும் அல்லவா, சேஸிஸும் அப்படித்தான். வலது பின் பட்டை தளர்ந்தால் வண்டி முழுதும் வலப்பக்கம் உருளும். முன் வலதும் கொஞ்சம் இறங்கும், முன் இடது ஏறும். பார்ப்பவர் முன் வலது டார்ஷன் பாரைக் குற்றம் சொல்வார்.

இதைப் பிரித்துப் பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. பின் ஆக்ஸிலின் நடுவில் ட்ராலி ஜாக் கொடுத்து, பின் சக்கரம் இரண்டும் தரையை விட்டு ஓர் அங்குலம் எழும்வரை தூக்குங்கள். இப்போது பின்பக்கம் ஒரே புள்ளியில் நிற்கிறது. இந்தப் பக்கம் சாய், அந்தப் பக்கம் சாய் என்று முன்பக்கத்தைத் தள்ள அதனால் முடியாது. இந்த நிலையில் முன்பக்கத்தை அளந்து பாருங்கள். முன்பக்கம் நேராகிவிட்டால் குற்றவாளி பின் பட்டை. இன்னும் சாய்ந்தே இருந்தால் கோளாறு முன்னால்தான். ஒரு எச்சரிக்கை: கை பிரேக் பிடிப்பது பின் சக்கரத்தை. அது அந்தரத்தில் இருக்கும்போது கை பிரேக் போட்டும் பயனில்லை. முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைத்த பிறகுதான் தூக்க வேண்டும். வெறும் ஜாக்கில் நிற்கும் வண்டிக்கு அடியில் யாரும் போகவே கூடாது.

முன்னால்தான் பிரச்சினை என்று தெரிந்தாலும் ஸ்பேனரை உடனே எடுக்க வேண்டாம். ஸ்டெபிலைசர் பார் என்ற தண்டு இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் இணைக்கிறது. அதன் லிங்க் வளைந்திருந்தாலும், தப்பான நீளத்தில் லிங்க் மாட்டியிருந்தாலும், அதுவே வண்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொள்ளும். இரு பக்க லிங்க்கையும் கழற்றிவிட்டு ஒருமுறை அளப்பது நல்லது.

டார்ஷன் பார் என்பது நீளவாக்கில் படுத்திருக்கும் எஃகுத் தண்டு. ஒரு முனை சக்கரத்தைப் பிடித்திருக்கும் கண்ட்ரோல் ஆர்மிலும் மறுமுனை சேஸிஸ் குறுக்குச் சட்டத்தில் உள்ள ஆங்கரிலும் இருக்கும். ஆங்கரில் உள்ள போல்ட்டை முறுக்கினால் வண்டி உயரும். காலப்போக்கில் சில மில்லிமீட்டர் இறங்குவதைச் சரிசெய்யத்தான் அந்த போல்ட்டே இருக்கிறது, ஆகவே தொடுவது பாவமில்லை. எப்படித் தொடுகிறார்கள் என்பதில்தான் கோளாறு. வண்டி எடை பாரில் இருக்கும்போதே முறுக்கினால், துருப்பிடித்த மரை வழுக்கிவிடும். முன்பக்கத்தைத் தூக்கி, பாரின் சுமையைக் குறைத்த பிறகே முறுக்க வேண்டும். தொடங்குமுன் வெளியே தெரியும் மரையின் நீளத்தை அளந்து எழுதி வைத்துக்கொண்டால், எப்போது வேண்டுமானாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். அரைச் சுற்று, இறக்கம், உருட்டல், அளவு, மறுபடி அரைச் சுற்று. பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த வேலை ஆகாது.

போல்ட்டை ஏற்றினால் ஸ்பிரிங் பலமாகிவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. பலம் கூடாது, வண்டி நிற்கும் உயரம் மட்டுமே மாறும். அளவுக்கு மீறி ஏற்றினால் சக்கரம் பள்ளத்தில் இறங்குவதற்கான இடம் போய்விடும். ஒவ்வொரு பள்ளத்திலும் மேல் ஆர்ம் தன் ஸ்டாப்பரில் 'டக்' என்று இடிக்கும். பால் ஜாயிண்ட் கோணலாக நிற்கும். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் உறையும் (பூட்) சீக்கிரம் கிழியும். முன்பக்கம் தூக்கலாக நின்றால் கம்பீரம் என்று ஏற்றிவைப்பவர்களுக்கு என் அனுதாபங்கள். போல்ட்டில் இனி மரையே மிச்சமில்லை என்றால் பார் களைத்துவிட்டது, ஜோடியாக மாற்றிவிடுங்கள். மாற்றும்போது இடது பாரை வலதில் போடக் கூடாது. தயாரிக்கும்போதே ஒவ்வொன்றையும் ஒரு திசையில் முறுக்கிப் பழக்கியிருப்பார்கள், முனையில் எல், ஆர் என்று குறியும் இருக்கும். மாற்றிப் போட்டால் சீக்கிரம் தளரும், உடையவும் கூடும்.

கோளாறு பின்பக்கம் என்றால், பட்டையின் பின்முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளைப் பாருங்கள். தளர்ந்த பட்டை தட்டையாகி நீளும். அந்தப் பக்க ஷேக்கிள் மற்றதைவிட அதிகமாகப் பின்னால் தள்ளி நிற்கும். உடைந்த இலை எப்போதும் வெளியே தெரியாது. இலைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் துளையை ஒட்டி விரிசல் விட்டு, பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கலாம். முன், பின் சக்கர மையங்களுக்கு இடையே இரு பக்கமும் அளந்து வித்தியாசம் கண்டால் சென்டர் போல்ட் வெட்டுப்பட்டு ஆக்ஸில் நகர்ந்திருக்கக் கூடும். அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போக வேண்டாம்.

தாழ்ந்த பக்கத்துக்கு மட்டும் ஓர் இலை கூடுதலாகப் போடுவது, ரப்பர் கட்டை செருகுவது, சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் கிடைத்த ஒற்றைப் பட்டையை மாட்டுவது, மூன்றுமே ஒரே ரகத் தவறு. வண்டி நேராக நிற்கும். ஆனால் இரு பக்க ஸ்பிரிங்கின் பலமும் வேறாகிவிடும், ஆட்களை ஏற்றியதும் மறுபடி சாயும். பழைய பட்டையைச் சுட்டு வளைவு ஏற்றுவதும் முறையாகப் பதம் போட்டால்தான் நிற்கும். அந்த வேலை தெரிந்த பட்டறை பக்கத்தில் இல்லையென்றால் புது ஜோடி வாங்குவதே மலிவு. யூ போல்ட்டும் புதிதாகப் போடுங்கள், சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை இறுக்குங்கள்.

பூட்டும்போது நடக்கும் தவறு ஒன்று கண்ணுக்கே தெரியாது. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஷேக்கிள் போல்ட்டையும் ஆர்ம் புஷ் போல்ட்டையும் முழுதாக இறுக்கிவிடுவார்கள். ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டி இறங்கியதும் புஷ் முறுக்கேறி உயரத்தைக் கெடுக்கும், சீக்கிரம் கிழியும். முதலில் லேசாகப் பூட்டி, வண்டி தன் எடையில் சக்கரத்தில் நிற்கும்போது இறுதியாக இறுக்க வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகே வீல் அலைன்மெண்ட். உயரம் மாறினால் சக்கரம் நிற்கும் கோணங்களான கேம்பரும் டோவும் மாறும் என்பதால் முன்கூட்டிச் செய்தால் இரண்டாவது தடவை பணம் கட்ட வேண்டியிருக்கும். ஹெட்லைட் கோணத்தையும் பார்த்துவிடுங்கள். பின்பக்கம் உயர்ந்திருந்தால் இன்னொன்றும் உண்டு. பல வண்டிகளில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பி ஓடும், எடைக்கு ஏற்றபடி பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வுடையது அது. பின்பக்கம் உயர்ந்தால் வண்டி காலியாக இருக்கிறது என்று அது எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். உங்கள் வண்டியில் அது இருந்தால், பட்டை மாற்றிய அன்றே அதையும் சரிசெய்யச் சொல்லுங்கள்.